பெரம்பூரிலிருந்து பெங்களூருக்கு: தொழிலாளர் உரிமை நடந்து வந்த வழி

பெங்களூர் பசவனகுடியில், காந்தி பஜாருக்கு அணித்தே, பி. பி. வாடியா சாலை என்றொரு சாலை இருக்கின்றது. நூலகமும் சொற்பொழிவு மண்டபமும் கொண்ட உலகப் பண்பாட்டு நிலையம் அச்சாலையில்தான் உள்ளது. மாலை வேளையில் அவ்வழியே நடந்து செல்லும் தமிழன்பர்களுள் பலர் அப்பெயர்ப் பலகையைப் பார்த்து, 'யாரோ ஒரு பம்பாய்ப் பார்ஸி தனவந்தர் போலும்' என்று எண்ணிக் கடந்து விடுவர். அவர் பார்ஸி வகுப்பினர் என்பதும் பம்பாயிற் பிறந்தவர் என்பதும் உண்மையே. ஆனால், தமிழ்நாட்டுத் தொழிலாளருக்கு அவர் பட்டிருக்கும் உறவு, பெயர்ப் பலகையில் அடங்கக் கூடியதன்று. இந்தியாவில் ஒழுங்குபட அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று கருதப்பெறும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முதல் தலைவர் அவரே. பிற்காலத்தில் பெங்களூருக்கு வந்து, 1945-இல் அந்தப் பண்பாட்டு நிலையத்தைத் தோற்றுவித்து, 1958-இல் இந்நகரிலேயே காலமானார்.

வாடியா பெரம்பூரிலிருந்து பெங்களூருக்கு வந்தார். அவர் தொடங்கி வைத்த உரிமையும் அவ்வாறே எளிதில் வந்து சேர்ந்ததா? ஒரு மனிதன் வயிற்றுப் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகின்றான். அவனுடைய மொழி உடன் செல்கின்றது. வழிபாடு உடன் செல்கின்றது. கை பழகிய தொழிலும் உடன் செல்கின்றது. அவனுடைய உரிமை உடன் செல்கின்றதா என்பது வேறு கேள்வி. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதனினும் நெருங்கிய கேள்வி பிறிதொன்று இராது. தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றில் சில மைல்கற்களை இக்கேள்வியை முன்வைத்தே இங்குக் காண்போம்.

பஜனைச் சபையில் பிறந்த சங்கம்

சென்னைப் பெரம்பூரில் பின்னி கம்பெனியாரின் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் பல்லாயிரம் பேருக்கு வேலை தந்து வந்தன. விடியுமுன் ஆலைச் சங்கு ஊதும். நடுப்பகல் இடைவேளையோ மிகக் குறுகியது. கொண்டு வந்த சோற்றை விழுங்கிவிட்டு ஓடுவதற்கும் அது போதாது. சிறிது பிந்தினால் வாயிற்கதவு மூடப்படும். அரைநாட் கூலி போகும். முதல் உலகப் போரின் காலம் அது. அரிசி விலையும் துணி விலையும் ஏறின. கூலி அதற்கு ஏற்றவாறு ஏறவில்லை.

ஆலைக்கு அருகில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும், அவருடைய நண்பர் இராமாநுஜலு நாயுடுவும் தொழிலாளரின் குறைகளை நாள்தோறும் கேட்டவர்கள். வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்திச் சபையில் தொழிலாளர் கூடுவது வழக்கம். 1918 மார்ச்சு 2-ஆம் நாள் அச்சபையின் சார்பில் நிகழ்ந்த கூட்டத்தில் திரு. வி. கலியாணசுந்தரனார் பேசினார். மேனாட்டில் தொழிலாளர் சங்கம் கண்டு தம் குறைகளைத் தீர்த்துக் கொண்ட வரலாறு அன்று தமிழில் எடுத்துரைக்கப்பட்டது. எட்டு வாரங்களுக்குப் பின்பு, 1918 ஏப்ரல் 27-ஆம் நாள், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர்களுள் ஒருவர். செல்வபதியும் இராமாநுஜலுவும் செயலாளர்.

சங்கத்தின் முதல் வேண்டுகோள்களுள் ஒன்று நடுப்பகல் இடைவேளையை நீட்ட வேண்டும் என்பது. இன்று கேட்போர்க்கு அது மிகச் சிறிய வேண்டுகோளாகத் தோன்றலாம். ஆனால், அமர்ந்து உண்பதற்கு வேண்டிய நேரத்தைத் தானே முதலாளியிடம் கேட்க முடியாத ஒருவன், பிறரோடு சேர்ந்து நின்று கேட்டான் என்பதுதான் இங்குக் கருதத் தக்கது. கேட்பதற்கு ஓர் இடம் அமைந்தது. இனி வரும் வரலாறு முழுவதும் அவ்விடத்தைக் காப்பதற்கும் அழிப்பதற்கும் நடந்த போராட்டமேயாகும்.

மூன்று நாடுகளில் ஒரே ஆயுதம்

1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலையில் பிணக்கு மூண்டு கதவடைப்பில் முடிந்தது. டிசம்பர் 9-ஆம் நாள் போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். துப்பாக்கியினும் ஆழமாகப் பாய்ந்தது மற்றோர் ஆயுதம். தொழிலாளரை வேலைக்குப் போக வேண்டா என்று தூண்டியதனால் தங்களுக்கு நஷ்டம் நேர்ந்தது என்று வாடியாவின் மேலும் அவருடைய தோழர்கள் மேலும் கம்பெனியார் சென்னை ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தனர். கோர்ட்டு தடையுத்தரவு பிறப்பித்தது. தொழிலாளரிடம் பேசுவதே குற்றமாகி விட்டது. இறுதியில் உடன்பாடு ஏற்பட்டது: வழக்குக் கைவிடப்படும், வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலக வேண்டும். அவர் விலகினார்.

இவ்வாயுதம் சென்னையில் புதிதாக வார்க்கப்பட்டதன்று. பிரிட்டனில் டாஃப் வேல் ரயில்வே கம்பெனி, வேலைநிறுத்தத்தால் நேர்ந்த நஷ்டத்தைத் தொழிற்சங்கமே ஈடு செய்ய வேண்டும் என்று வழக்காடி, 1901-இல் வென்றது. சங்கம் 23,000 பவுன் கட்ட நேர்ந்தது. அதனால் எழுந்த கொதிப்பே 1906-ஆம் ஆண்டுத் தொழிற் பிணக்குச் சட்டத்தைப் பிறப்பித்தது. பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் வளர்ச்சிக்கும் உரமிட்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1842-இலேயே மாஸசூஸெட்ஸ் மாநிலத்து உயர்ந்த நீதிமன்றம், சங்கம் அமைப்பது தன்னளவில் சதிக்குற்றம் ஆகாது என்று தீர்த்திருந்தது. 1886 மே முதல் நாள் எட்டு மணி நேர வேலை கோரி அந்நாடு முழுவதும் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மே 4-ஆம் நாள் சிகாகோ நகரின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. குண்டெறிந்தவர் யார் என்பது மெய்ப்பிக்கப்படாமலே மறு ஆண்டு நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் நினைவே மே தினமாக உலகெங்கும் பரவியது. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடிய மே தினமே இந்தியாவின் முதல் மே தினம் என்று போற்றப்படுகின்றது.

இவ்வளவு நடந்த பின்பும், கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரி என்னும் ஊரின் தொப்பித் தொழிலாளர் ஒரு கம்பெனியின் தொப்பிகளை வாங்க வேண்டா என்று நாட்டாரைக் கேட்டுக் கொண்டபோது, அவர்கள் மேல் வழக்கு வந்தது. பெருமுதலாளிகள் கூட்டாகச் சேர்ந்து வாணிகத்தை முடக்காதிருக்க 1890-இல் இயற்றிய சட்டம், 1908-இல் தொழிலாளர் மேலேயே திருப்பப்பட்டது. சங்கத்தின் பணம் மட்டுமன்று, தனித்தனித் தொழிலாளரின் வீடுகளும் பாங்கிச் சேமிப்பும் ஜப்திக்கு உள்ளாயின. 1914-இல் வந்த கிளேட்டன் சட்டம், மனிதனின் உழைப்பு விற்பனைச் சரக்காகாது என்று அறிவித்தது. ஆயினும், நீதிமன்றங்களின் தடையுத்தரவுகள் மெய்யாகவே கட்டுக்குள் வந்தது 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். முதலாளி சங்கத்தோடு பேசியே ஆக வேண்டும் என்ற விதி வந்தது 1935-ஆம் ஆண்டு வாக்னர் சட்டத்தால்தான்.

அச்சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. வயல் வேலை செய்வோரும் வீட்டு வேலை செய்வோரும் அதன் காப்புக்குப் புறம்பாக விடப்பட்டனர். தென் மாநிலங்களில் அவ்வேலைகளைச் செய்தோர் மிகப் பெரும்பாலும் கறுப்பினத்தவர். சட்டம் என்பது ஒரு பந்தல். பந்தற்கால் எங்கே நடப்படுகின்றது என்பதைப் பார்த்தே யாருக்கு நிழல், யாருக்கு வெயில் என்று சொல்ல முடியும்.

சென்னை வழக்கின் பயனையும் இவ்வொளியில் காண வேண்டும். வாடியா தோற்றார், ஆனால், அத்தோல்வியின் அதிர்ச்சி நாடெங்கும் பரவியது. தலைவன் ஒருவனை ஒரு வழக்கால் வாய் மூடச் செய்ய முடியுமானால் எந்தச் சங்கமும் நிலைக்காது என்பது தெளிவாயிற்று. 1921-இல் மத்திய சட்டசபையில் என். எம். ஜோஷி, தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார். அதன் விளைவாக எழுந்தது 1926-ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சங்கச் சட்டம். பதிவு பெற்ற சங்கத்தின் நியாயமான நடவடிக்கைகளுக்காக அதன் அலுவலர் மேல் சதிக்குற்றமோ நஷ்டஈட்டு வழக்கோ சாற்ற இயலாது என்று அச்சட்டம் வகுத்தது. பெரம்பூரின் கண்ணீருக்கு ஏழு கோடி நாக்கும் பேச முடியாத பேச்சை அந்த விதி பேசிற்று எனலாம்.

ஒன்றை மறைத்தல் கூடாது. 1921-இல் பின்னி ஆலைகளில் நிகழ்ந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளரே இரண்டு பட்டனர். ஆதித்திராவிடத் தொழிலாளருட் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் சாதிப் பகை தீயாக மூண்டது, குடிசைகள் எரிந்தன, ஆகஸ்டு 29-ஆம் நாள் போலீசார் சுட்டதில் மேலும் உயிர்கள் போயின. ஒரே தறிக்கு முன் நின்றவர்கள் தெருவில் ஒருவரையொருவர் அஞ்சினர். சங்கத்தின் வாயிலில் செருப்பைக் கழற்றி வைத்தவர்கள் சாதியைக் கழற்றி வைக்கவில்லை. வேலைநிறுத்தம் தோற்றதற்கு முதலாளியின் வலிமை ஒரு காரணம். இதுவும் ஒரு காரணம்.

எல்லையில் நின்று விட்ட சட்டம்

இனிப் பெங்களூருக்கு வருவோம். பெரம்பூர் ஆலைகளை நடத்திய அதே பின்னி கம்பெனியார் பெங்களூரிலும் ஓர் ஆலையை நடத்தி வந்தனர். 1884-இல் தொடங்கிய பெங்களூர்க் கம்பளி, பருத்தி, பட்டு ஆலையே அது. இன்றும் பின்னிப்பேட்டை என்ற பெயர் அந்நினைவைத் தாங்கி நிற்கின்றது. முதலாளி ஒருவர், தொழில் ஒன்று, இரு நகரங்களையும் இணைக்கும் இருப்புப் பாதையும் இருந்தது. சென்னையில் மாலையில் ரயில் ஏறியவர் காலையில் பெங்களூரில் இறங்கலாம். ஆனால், 1926-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ரயிலில் ஏறி வரவில்லை. அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு இயற்றிய சட்டம். மைசூரோ மகாராஜாவின் சமஸ்தானம்.

இந்த எல்லைக்கோடு அனைத்துலக உடன்படிக்கையிலேயே வரையப்பட்டிருந்தது. 1919 இறுதியில் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு கூடியது. இந்தியத் தொழிலாளரின் பிரதிநிதியாக ஜோஷியும், அவருக்கு ஆலோசகராக நம் வாடியாவும் அங்குச் சென்றனர். நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று மாநாடு விதித்தது. இந்தியாவுக்கு மட்டும் வாரம் 60 மணி என்று தனி விதி செய்தது. அதிலும், 'பிரிட்டிஷ் இந்தியா' என்றே எழுதியது. உலக நாடுகள் ஒன்று கூடி வரைந்த ஏட்டிலும் மைசூர்த் தொழிலாளிக்கு வரி இல்லை.

பெங்களூரின் நிலை இன்னும் விந்தையானது. 1881 முதல் 1947 வரை நகரின் ஒரு பாதியான தண்டு, அதாவது கண்டோன்மென்ட், பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. மறு பாதியான பேட்டை மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தமிழர் நிறைந்த தண்டிலிருந்து பேட்டைக்குப் போவது ஒரு சிறு நடைதான். ஆயினும் அந்நடையில் ஓர் அரசு மறைந்து மற்றோர் அரசு தோன்றியது.

தங்கவயலின் கைரேகை

பெங்களூருக்குக் கிழக்கே கோலார் தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கம் நடத்தினர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து போய்க் குடியேறியவர்களே சுரங்கத் தொழிலாளருட் பெரும்பாலோர். அவர்களுள் மிகப் பலர் ஆதித்திராவிடர். ஊரில் நிலம் இல்லாதவர். நிலமுடையார் முன் நிமிர்ந்து நிற்க முடியாதவர். தங்கவயல் அவர்களுக்கு மாதக் கூலியைத் தந்தது; கம்பெனி 'லைன்' வீடுகளில் இடம் தந்தது. அதற்கு விலையும் கேட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழ்ந்து சென்றது. அங்கே பாறை கனலும். அழுத்தம் தாங்காத பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். பாறைத்தூள் நுரையீரலிற் படிந்து இளம் வயதிலேயே மூச்சு வாங்கும்.

1902-இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழி ஓடித் தங்கவயலை அடைந்தது. பெங்களூர் நகருக்கே மின்விளக்கு 1905-இல்தான் வந்தது. நாட்டின் முதல் பெரு மின்திட்டங்களுள் ஒன்று இச்சுரங்கத்துக்காகவே எழுந்தது. மின்சாரத்துக்குக் காடும் மலையும் தடையாகவில்லை. தொழிற்சங்கச் சட்டத்துக்கோ சமஸ்தான எல்லையில் நின்ற ஒரு கல் போதுமான தடையாயிற்று.

1930 ஏப்ரலில், தொழிலாளர் ஒவ்வொருவரையும் பதிவு செய்து கைரேகை எடுக்கும் திட்டம் ஒன்றைக் கம்பெனியார் புகுத்தினர். தங்கம் களவு போகாமல் காப்பதற்கென்று ஏற்கெனவே கடுமையான சுரங்கச் சட்டம் இருந்தது; தொழிலாளி சோதனைக்கு உட்பட வேண்டியவனாய் இருந்தான். கைரேகை என்பது அந்நாளில் யாரிடம் எடுக்கப்படும்? போலீஸ் நிலையத்தில் குற்றவாளியிடம் எடுக்கப்படும். 'பூமியின் வயிற்றுக்குள் இறங்கித் தங்கம் எடுத்துக் கொடுக்கும் எங்களைத் திருடர் என்று பதிவு செய்வதா?' என்ற சினம் எழுந்தது. தொழிலாளர் சுரங்கத்தில் இறங்க மறுத்தனர். சங்கம் இல்லை, பதிவு பெற்ற தலைவர் இல்லை, வேலைநிறுத்த நிதி இல்லை. எனினும் பல்லாயிரவர் வாரக்கணக்கில் ஒருமுகமாக நின்றனர்.

கூலிக்காக எழுந்த போராட்டம் வேறு. மானத்துக்காக எழுந்த போராட்டம் வேறு. பெரம்பூரில் சாதியால் பிளவுண்டதை முன்னர்க் கண்டோம். தங்கவயலில், எந்த மக்களை ஊரார் தாழ்த்தி வைத்தனரோ, அந்த மக்களே முன்னின்று ஒற்றுமையை நிலைநாட்டினர். ஆயினும், அவர்கள் குரலுக்குச் சட்டத்தில் இடம் இல்லை. போராட்டம் ஓய்ந்த பின்பும், முதலாளியின் முன் அமர்ந்து பேசுதற்குரிய சட்டபூர்வமான சங்கம் தோன்ற இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

25 ஆண்டுப் பயணம்

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940 டிசம்பரில் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை எழுந்தது. போர்க் காலத்தில் உற்பத்தி நிற்கக் கூடாது என்ற கவலை அரசாங்கத்தை அசைத்தது. 1941-இல் மைசூர் அரசாங்கம் தொழிலாளருக்கென அவசரச் சட்டம் ஒன்றும், 1942-இல் மைசூர்த் தொழிலாளர் சட்டமும் கொண்டு வந்தது. சங்கத்தைப் பதிவு செய்யவும், பிணக்கைச் சமரசத்துக்குக் கொண்டு போகவும் அப்போதுதான் வழி பிறந்தது. வழி பிறந்த பின்னும் குருதி சிந்தாமலில்லை. 1946-இல் தங்கவயலில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அங்குள்ளோர் இன்றும் அவர்களை நினைவு கூர்கின்றனர்.

நாடு விடுதலை பெற்றது, சமஸ்தானங்கள் இணைந்தன. 1951-இல்தான் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் மைசூர் முதலிய முன்னாள் சமஸ்தானங்களுக்கும் விரிக்கப்பட்டது. ரயில் ஓர் இரவில் கடந்த தூரத்தைச் சட்டம் கடக்க 25 ஆண்டுகள் சென்றன. அந்த 25 ஆண்டுகளில் வேலைக்குச் சேர்ந்து, மூச்சு முட்டி, வேலையை விட்டு, மண்ணுக்குள் போன தலைமுறை ஒன்று உண்டு. அத்தலைமுறைக்குப் பெரம்பூரின் வெற்றி பிறர் வீட்டு விளக்காகவே இருந்தது.

விடுதலைக்குப் பின் பெங்களூர் அரசாங்கத் தொழிற்சாலைகளின் நகரமாயிற்று. டெலிபோன் தொழிற்சாலை 1948-இலும், கைக்கடிகாரத்தாற் பெயர் பெற்ற எச். எம். டி. 1953-இலும், பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1954-இலும் தோன்றின. கன்னடியர், தமிழர், தெலுங்கர், மலையாளிகள் ஒரே கான்டீனில் உண்டு, ஒரே சங்கத்தில் சந்தா கட்டினர். 1980 டிசம்பர் இறுதியில், பாரத் கனமின் நிறுவனத்துத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் கோரி இந்நகரின் பொதுத் துறைத் தொழிலாளர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். 77 நாள் நீடித்த அப்போராட்டம் 1981 மார்ச்சில் கோரிக்கை நிறைவேறாமலே முடிந்தது. தோல்விதான். ஆயினும், மொழியால் பிரிக்கக் கூடிய ஒரு நகரில், 77 நாளும் மொழி அவர்களைப் பிரிக்கவில்லை. பத்தாண்டுக்குப் பின், 1991 டிசம்பரில், காவிரிப் பிணக்கின் பேரால் இதே நகரில் தமிழர் வீடுகள் தீக்கிரையானபோது, அந்த ஒற்றுமையின் அருமை எத்தகையது என்பதைப் பலர் உணர்ந்தனர்.

தங்கவயல் சுரங்கங்களை மாநில அரசாங்கம் 1956-இலும் மத்திய அரசாங்கம் 1962-இலும் ஏற்றன. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து தங்கவயலுக்குப் போனார். பேரனும் பேத்தியும் விடியுமுன் மாரிகுப்பம் நிலையத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலை தேடிப் போகின்றனர். குடிபெயர்வு ஒரு தலைமுறையோடு ஓய்வதில்லை.

இரண்டு நாளில் திரும்பிய ஆணை

அவர்களுட் பலர் வந்து சேரும் தொழில் ஆயத்த ஆடைத் தொழில். பெங்களூரில் இத்தொழிலைத் தாங்கி நிற்போர் மிகப் பெரும்பாலும் பெண்கள். கர்நாடகக் கிராமங்களிலிருந்து வந்தோர் மிகப் பலர். தமிழும் தெலுங்கும் பேசுவோரும் உளர். அவர்களுட் சங்கத்திற் சேர்ந்தோர் சிலரே. 2016 பிப்ரவரி 10-ஆம் நாள் மத்திய அரசாங்கம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்திய பங்கைத் தொழிலாளி 58 வயதுக்கு முன் எடுக்கலாகாது என்பது அதன் பொருள்.

முதுமைக்குச் சேமிப்பு நல்லதுதானே என்று தோன்றலாம். தைப்பவளின் வாழ்வை அறிந்தவர் அவ்வாறு சொல்லார். நாள் முழுதும் எந்திரத்தின் முன் குனிந்து தைப்பவள் 58 வயது வரை அவ்வேலையில் நீடிப்பது அரிது. நாற்பதைத் தொடுமுன் கண்ணும் முதுகும் தளர்கின்றன. வேலையை விடும்போது கைக்கு வரும் வைப்பு நிதியே அவள் கண்ட மொத்தப் பணம். மகளின் திருமணமும், மகனின் கல்லூரிக் கட்டணமும், கந்து வட்டிக் கடனும் அதை நம்பியே நின்றன.

ஏப்ரல் 18-ஆம் நாள் பெண்கள் தொழிற்சாலைகளை விட்டு வெளியே வந்தனர். ஓசூர்ச் சாலையும் தும்கூர்ச் சாலையும் மறிக்கப்பட்டன. தலைவர் எவரும் அழைக்கவில்லை. சுவரொட்டி எதுவும் ஒட்டப்படவில்லை. மறுநாள் கிளர்ச்சி மேலும் பரவியது. கல்லெறியும் தீ வைப்பும் தடியடியும் நிகழ்ந்தன. அன்றே அரசாங்கம் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பயன் பெங்களூருக்கு மட்டுமன்று. அது நாடு முழுமைக்குமான விதியாதலால், திருப்பூரில் தைப்பவளுக்கும் தில்லியில் தைப்பவளுக்கும் சேர்த்தே அது திரும்பியது. 1926-இல் பெரம்பூரின் பயன் பெங்களூரை எட்டவில்லை. 2016-இல் பெங்களூரின் பயன் ஒரே மாலையில் நாடெங்கும் எட்டியது. இடைப்பட்ட காலத்தில் எல்லைக்கல் அகன்றதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

உடன் வரும் உரிமை

எல்லாக் கற்களும் அகன்று விட்டன என்று சொல்ல இயலாது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்கென 1979-இல் ஒரு சட்டம் பிறந்தது. ஒப்பந்தக்காரர் அழைத்துச் சென்றவருக்கே அது காப்பளித்தது. தானாகவே ரயில் ஏறிப் போனவருக்கு அதில் இடமில்லை. நம்மவருட் பெரும்பாலோர் உறவினரின் கடிதத்தையோ நண்பரின் சொல்லையோ நம்பித் தாமே போனவர்கள் அல்லரோ? 2020-இல் நாடாளுமன்றம் இச்சட்டத்தையும், 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், வேறு பலவற்றையும் புதிய சட்டத் தொகுப்புகளுள் அடக்கியது. அவை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. தாமே வந்து வேலைக்கு அமர்ந்தோரையும் புதிய தொகுப்பு இடம்பெயர்ந்த தொழிலாளர் என்று ஏற்கின்றது. சம்பள வரம்பும், ஓரிடத்தில் அத்தகையோர் பத்துப் பேராவது இருக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும் என்ற விதி எல்லாத் தொழில்களுக்கும் விரிக்கப்பட்டதைத் தொழிற்சங்கங்கள் பல எதிர்க்கின்றன. பந்தற்கால் மீண்டும் பெயர்த்து நடப்பட்டிருக்கின்றது. நிழல் யார் மேல் விழுகின்றது என்பதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு பந்தலின் கீழ் நிற்பவர்க்கே உரியது.

ஆகவே, வெளிமாநிலத்தில் உழைக்கும் அன்பர்கள் சிலவற்றை நெஞ்சில் இருத்துதல் நலம். வைப்பு நிதிக் கணக்குக்கு 2014 முதல் ஒரே எண் வழங்கப்படுகின்றது. ஊர் மாறினாலும் முதலாளி மாறினாலும் அவ்வெண் மாறாது. அதைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். சம்பளச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். பெற்றதைக் கிழித்து எறியாதீர்கள். ரேஷன் அரிசியை வாழும் மாநிலத்திலேயே பெறும் வழி இப்போது உள்ளது. இவை யாவும் சிறிய தாள்கள். ஆனால், உரிமை எல்லை கடந்து நடப்பதற்கு இத்தாள்களே கால்கள்.

இன்னொன்று, பக்கத்தில் வேலை செய்பவரின் மொழியைச் சிறிதேனும் கற்றுக் கொள்ளுங்கள். பார்ஸி ஒருவர் தமிழ்த் தொழிலாளருக்குத் தலைவரானார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் சொல்லைத் தமிழாக்கித் தந்தவர்கள் அவருடைய தோழர்கள். கேட்க வேண்டும் என்ற மனமும், கேட்டதைச் சொல்லும் நாவும் சேர்ந்தபோதே சங்கம் பிறந்தது.

அடுத்த முறை பசவனகுடிக்குச் செல்லும் அன்பர்கள் பி. பி. வாடியா சாலையில் ஒரு கணம் நில்லுங்கள். வழக்கில் தோற்று வாயடைக்கப்பட்ட ஒருவரின் பெயர் அது. உங்கள் சம்பளச் சீட்டில் உள்ள வைப்பு நிதி எண்ணுக்கும் அப்பெயர்ப் பலகைக்கும் இடையே, பெரம்பூரும் தங்கவயலும் ஓசூர்ச் சாலையும் கடந்து வந்த நீண்ட வழி ஒன்று கிடக்கின்றது.